பழைய தெருவில் புதுக் கட்டடம்: முகப்புக்கு முன்னால் மனையைப் பாருங்கள்

1970 மார்ச் 6 அன்று நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், மேற்கு 11-ஆம் தெருவின் 18-ஆம் எண் வீடு வெடித்துச் சிதறியது. தீவிரவாதக் குழு ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள் நிலவறையில் வெடிகுண்டு செய்துகொண்டிருந்தபோது அது வெடித்ததில் மூன்று பேர் இறந்தார்கள். 1840-களில் ஒரே சீராகக் கட்டப்பட்ட செங்கல் வீட்டு வரிசையின் நடுவே ஒரு வீட்டைக் காணோம். அந்தப் பகுதி 1969-இல்தான், அதாவது முந்தைய ஆண்டுதான், பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த வெற்று மனையில் என்ன கட்டுவது என்பதை உரிமையாளர் மட்டும் முடிவுசெய்ய முடியாது. நகரத்தின் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையமும் சரி என்று சொல்ல வேண்டும்.

இரண்டு யோசனைகள் சட்டென்று வரும். பழைய வீட்டை அச்சு அசலாகத் திரும்பக் கட்டிவிடலாம். அல்லது இது வேறு காலம் என்று காட்டும்படி முற்றிலும் புதிதாக ஒன்றை எழுப்பலாம். கட்டடக் கலைஞர் ஹியூ ஹார்டி வரைந்தது இரண்டிலும் சேராது. அதே செங்கல், அக்கம்பக்கத்து வீடுகளோடு நேர்கோட்டில் ஓடும் அதே கூரை விளிம்பு, மேலே அதே மாதிரி சன்னல்கள். ஆனால் முகப்பின் கீழ்ப்பகுதி மட்டும் ஏதோ திருகிவிட்டது போலத் தெருவை நோக்கிக் கோணலாகத் திரும்பியிருக்கும். காரசாரமான விவாதத்துக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. 1970-களின் இறுதியில் கட்டி முடித்தார்கள். இன்று அந்தத் தெருவில் நடப்பவர் கோணல் பகுதியைத்தான் முதலில் கவனிப்பார். ஆனால் அதற்கு முன்பே, அவர் கவனிக்காமலேயே, வரிசை அறுபடவில்லை என்பதை அவர் கண் ஏற்றுக்கொண்டிருக்கும்.

கண் எதை வைத்து அப்படி ஏற்றுக்கொள்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். பழைய பகுதியில் புதுக் கட்டடம் என்றதும் பேச்சு உடனே பாணிக்குப் போய்விடுகிறது: வளைவு வைக்கலாமா, ஓடு வேயலாமா, கண்ணாடி கூடுமா கூடாதா. என் கணக்கில் இவை கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகள்.

பிரதியா, முரணா என்ற பழைய சண்டை

சண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. தனித்தனிச் சின்னங்களைக் காப்பது பழைய வழக்கம். ஒரு பகுதி முழுவதையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் சட்டமானது. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் அப்படி ஒரு பகுதியை வரையறுத்து, கட்டடத் திட்டங்களைப் பார்வையிட ஒரு குழுவையும் அமைத்தது. பிரான்சில் 1962-இல் மால்ரோ சட்டம் வந்தது. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபம் 1965-இல் சட்டமாயிற்று. இடிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. சரி, ஏற்கெனவே காலியாக இருக்கும் இடத்தில் என்ன கட்டுவது?

1964-இன் வெனிஸ் சாசனம் இதற்கு ஒரு திசை காட்டியது. சின்னங்களைப் பழுதுபார்ப்பதைப் பற்றிய ஆவணம் அது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும். தவிர்க்க முடியாமல் புதிதாகச் சேர்ப்பது புதிது என்று தெரிய வேண்டும். அதே நேரம் முழுமையோடு இசைந்தும் இருக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் உள்துறை வகுத்த சீரமைப்பு நெறிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: புதியது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், பருமனிலும் அளவிலும் அதோடு பொருந்தவும் வேண்டும்.

வேறுபடு, ஆனால் பொருந்து. ஒரே வாக்கியத்தில் இரண்டு கட்டளை. இதில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டினார்கள். இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் போலித் தூண்களை ஒட்டினார்கள். இரு தரப்பும் ஒரே விதியைத்தான் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

பிரதி எடுப்பதை எதிர்ப்பவர்களின் வாதம் நேர்மை சார்ந்தது. நேற்றுக் கட்டியதை 200 ஆண்டு பழையது என்று நம்பவைத்தால், அடுத்த தலைமுறைக்கு எது அசல் என்றே தெரியாமல் போய்விடும். நியாயமான வாதம்தான். ஆனால் வார்சாவின் கதையை என்ன செய்வது? இரண்டாம் உலகப் போரில் அதன் பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. பழைய வரைபடங்கள், 18-ஆம் நூற்றாண்டில் ஓவியர் பெல்லோட்டோ தீட்டிய நகரக் காட்சிகள் ஆகியவற்றை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். சந்தைச் சதுக்கம் 1953-இல் திறக்கப்பட்டது. 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குக் காரணமே அந்த மீட்டுருவாக்கம்தான். ஆனால் அந்த முகப்புகளுக்குப் பின்னால் எல்லாமே பழையபடி இல்லை. நெருக்கமான பின்கட்டுகளைக் குறைத்து, வெளிச்சமும் காற்றும் வரும் முற்றங்களை விட்டு, உள்ளே அந்தக் கால வசதிகளோடு குடியிருப்புகளை அமைத்தார்கள். பிரதி என்று நாம் சொல்வதில்கூடப் பாதி புதுக் கட்டடம்தான்.

மனை அகலம்

ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரைகளில் வரிசையாக நிற்கும் வீடுகளைக் கவனியுங்கள். ஒன்றின் முக்கோண நெற்றி படிப்படியாக ஏறும், அடுத்தது மணி வடிவில் வளையும், மூன்றாவது சாதாரணத் தட்டைக் கூரை. செங்கல்லின் நிறம் வேறு, சன்னல் எண்ணிக்கை வேறு, கட்டிய நூற்றாண்டே வேறு. பாணியை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரே தெருவாகத் தெரிகிறது. காரணம், அத்தனையும் குறுகிய மனைகளில், தோளோடு தோள் ஒட்டி, தெரு விளிம்பிலேயே நிற்கின்றன. கியோத்தோவின் பழைய மரவீடுகளும் அப்படித்தான்: தெருப்பக்கம் ஒடுங்கி, பின்னோக்கி நீண்டுகொண்டே போகும் மனைகள்.

மனைப் பிரிவு எந்தக் கட்டடத்தையும்விட நெடுநாள் வாழும். வீடு எரியும், இடியும், மாற்றிக் கட்டப்படும். ஆனால் பத்திரத்தில் இருக்கும் எல்லைக்கோடு அப்படியே நிற்கும். அந்தக் கோடுதான் தெருவின் தாளத்தைத் தீர்மானிக்கிறது. ஆறேழு மீட்டருக்கு ஒரு வாசல், ஒரு குடும்பம் அல்லது ஒரு கடை, ஒரு சின்ன மாற்றம். நடக்கிறவருக்குச் சில நொடிக்கு ஒருமுறை பார்க்கப் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இதை ஒரே வீச்சில் கெடுக்கும் காரியம், அடுத்தடுத்த மனைகளை வாங்கி ஒன்றாக்குவது. ஐந்து மனைகள் சேர்ந்தால் 30 மீட்டர் முகப்பு, ஒரு நுழைவாயில், ஒரு பாதுகாவலர். மற்றதெல்லாம் சுவர் அல்லது திறக்காத கண்ணாடி. அனுமதிக் குழு கேள்வி கேட்டால் வடிவமைப்பாளர் முகப்பை ஐந்தாகப் பிரித்து ஐந்து நிறம் பூசிக் கொண்டுவருவார். பெரும்பாலும் குழுவும் திருப்தியாகிவிடும். தெருவுக்குத் திருப்தி கிடையாது. ஐந்து நிறத்துக்கும் தள மட்டம் ஒன்று, சன்னல் அளவு ஒன்று, வாசலும் ஒன்றுதான். மாறுவேடப் போட்டியில் ஒரே பிள்ளை ஐந்து வேடம் கட்டி வந்தால் எத்தனை நேரம் ஏமாறுவோம்?

பிராங்பர்ட் இந்தப் பாடத்தைச் சுற்றி வளைத்துக் கற்றது. 1944 குண்டுவீச்சில் அதன் இடைக்கால மையம் எரிந்துபோனது. அங்கே 1970-களில் நகராட்சியின் தொழில்நுட்பத் துறைகளுக்காகப் பிரம்மாண்டமான கான்கிரீட் அலுவலகம் ஒன்றை எழுப்பினார்கள். பிறகு அதையும் இடித்துவிட்டு, பழைய சந்துகளின் கோட்டைத் தழுவி 35 வீடுகளைக் கட்டி, 2018-இல் திறந்தார்கள். அதில் 15 பழைய வீடுகளின் மீட்டுருவாக்கம், மற்ற 20 இன்றைய வடிவமைப்பு. பிரதி வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் கடுமையாக மோதிக்கொண்ட திட்டம் இது. மோதல் இன்னும் ஓயவில்லை. நேரில் அல்லது படங்களில் பார்ப்பவருக்கு எது 15, எது 20 என்று பிரிப்பதைவிட, சந்தின் அகலமும் வீடுகளின் ஒடுக்கமும்தான் முதலில் உறைக்கும். ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இத்தனை தனித்தனி வீடுகளுக்கும் அடியில் சுரங்க ரயில் நிலையமும், பொது வாகன நிறுத்துமிடமும் இருக்கின்றன. மேலே பல மனை, கீழே ஒரே கூடம்.

இதன் மறுபக்கமும் உண்டு. அதே ஆம்ஸ்டர்டாமில், கிழக்குத் துறைமுகத்தின் போர்னியோ-ஸ்போரன்பர்க் பகுதியில், 1990-களில் முழுக்கப் புதிதாக ஒரு குடியிருப்பு எழுந்தது. அங்கே ஒரு தெருவில் 60 ஒடுங்கிய மனைகளைத் தனித்தனி ஆட்களுக்குக் கொடுத்து, அவரவர் விருப்பப்படி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மரம், எஃகு, கண்ணாடி, செங்கல் என எல்லாம் கலந்து கிடக்கிறது. பழைய அலங்காரம் மருந்துக்கும் இல்லை. ஆனாலும் கால்வாய் வீடுகளின் சாயல் அப்பட்டமாகத் தெரிகிறது.

உயரம் என்பது ஒரு எண் இல்லை

விதிப் புத்தகங்கள் விரும்பும் அளவு உயரம்தான். எண்ணாகச் சொல்லிவிடலாம், அளந்துவிடலாம், நீதிமன்றத்திலும் நிற்கும். மான்பர்னாஸ் என்ற வானளாவிய கோபுரத்தைக் கண்டு மிரண்ட பாரீஸ் 1977-இல் உச்ச வரம்பை 37 மீட்டராக்கியது. மையப் பகுதியில் 25. கியோத்தோ 2007-இல் நகர மையத்தின் வரம்பை 45 மீட்டரிலிருந்து 31-ஆகக் குறைத்தது. கூடவே மொட்டைமாடி விளம்பரப் பலகைகளுக்கும் மின்னும் விளக்குப் பலகைகளுக்கும் தடை போட்டு, 38 இடங்களிலிருந்து தெரியும் காட்சிகளைப் பட்டியலிட்டுப் பாதுகாத்தது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய வீடு மூன்று தளம்: தரைத்தளம் நாலரை மீட்டர், அடுத்தது நான்கு, மேலே மூன்றரை. மொத்தம் 12. பக்கத்து மனைக்காரரும் 12 மீட்டருக்குள்தான் கட்டுகிறார். ஆனால் மூன்று மூன்று மீட்டராக நான்கு தளம். உயர விதிப்படி குற்றம் சொல்ல முடியாது. தெருவில் நின்று பார்த்தால் எந்தச் சன்னலும் பக்கத்துச் சன்னலோடு ஒட்டாது. பழைய வீடு மேலே போகப்போகக் குறுகி இலகுவாகிறது. புதியது நான்கு சம அடுக்காக நிற்கிறது. 'என்னவோ உறுத்துகிறது' என்று மக்கள் சொல்வார்கள். அந்த என்னவோ பெரும்பாலும் இந்தத் தள மட்டம்தான்.

இதற்கு வழி உண்டு. தரைத்தளத்தைக் கடைக்காக உயரமாக விட்டு, அதன் பின்பகுதியில் இடைத்தளம் போடலாம். கூடுதல் தளம் வேண்டுமென்றால் அதை முகப்பிலிருந்து உள்ளே தள்ளி வைக்கலாம். இரண்டாவது யோசனையில் எச்சரிக்கை வேண்டும். நேர் எதிரே நின்று பார்த்தால் மறையும் மேல்தளம், தெருவின் கோடியிலிருந்து பார்த்தால் தொப்பி போலத் துருத்தும். முகப்பு வரைபடத்தை மட்டும் வைத்து அனுமதி கொடுக்கும் குழுக்கள் இதைப் பார்ப்பதே இல்லை. தெருவின் இரு முனைகளிலிருந்தும் மனிதக் கண் மட்டத்தில் எடுத்த படத்தில் புதுக் கட்டடத்தைப் பொருத்திக் காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே வெளியே வந்துவிடும். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஏசி வெளிப்பெட்டிகள், மின் மீட்டர்கள் எங்கே வரப்போகின்றன என்றும் அதே கூட்டத்தில் கேட்டுவிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத இந்தச் சாமான்கள்தான் கட்டி முடித்த பிறகு முதலில் கண்ணில் படும்.

சட்டப்படி கட்டினாலே கெடும் தெரு

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. பல நகரங்களின் பொதுவான கட்டட விதிகள், தனி வீடுகளும் கார்களும் நிறைந்த புறநகரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முன்னால் இத்தனை மீட்டர் விடு, பக்கவாட்டில் இத்தனை விடு, இத்தனை காருக்கு இடம் ஒதுக்கு. இவற்றை அப்படியே கொண்டுபோய்ப் பழைய தெருவில் வைத்தால், நல்லெண்ணத்தோடு சட்டத்தை மதிக்கும் ஆள்கூடத் தெருவைக் கெடுத்துவிடுவார். முன்னிடம் விட்டால் சுவர் வரிசை உடையும். பக்கவாட்டில் விட்டால் குப்பை சேரும் இடுக்கு உண்டாகும். ஆறு மீட்டர் மனையில் இரண்டு கார் நுழையும் ஷட்டர் வைத்தால் தரைத்தளம் முழுக்க இரும்புக் கதவுதான். பழைய பகுதியைக் காக்க நினைக்கும் நிர்வாகம் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், அங்கே கார் நிறுத்துமிடக் கட்டாயத்தை நீக்கட்டும் என்பேன். தூண்களின் வடிவத்தைப் பற்றி நூறு பக்கம் வழிகாட்டி எழுதுவதைவிட அது அதிகம் உதவும்.

தரைத்தளத்தைப் பற்றிய நல்ல விதி எப்படி இருக்கும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-இல் நகரத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் குறிப்பிட்ட அளவில் தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழியாகத் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதுதான் 'ஐந்தடி வழி' என்று பெயர் பெற்றது. முகப்பு எந்தப் பாணியில் இருக்க வேண்டும் என்பதை அந்த விதி தொடவே இல்லை. மேலே சீனப் பீங்கான் சில்லுகள் பதித்தார்கள், ஐரோப்பியத் தூண் வைத்தார்கள், பிறகு 1930-களின் நவீனக் கோடுகளும் வந்தன. கீழே வெயிலும் மழையும் படாமல் நடக்கும் வழி மட்டும் அறுபடவில்லை. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற பகுதிகள் 1989-இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்றும் ஒரு கடைவீட்டைப் பார்த்ததும் அடையாளம் சொல்ல வைப்பது அந்த நடைவழிதான். எதைக் கட்டாயமாக்குவது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்தவர் எழுதிய விதி.

சுவரின் ஆழம்

பழைய கட்டடங்களின் சன்னல் ஏன் ஒடுங்கி உயரமாக இருக்கிறது? அழகுக்காக மட்டும் இல்லை. சுவர்தான் மேல்தளத்தின் எடையைத் தாங்குகிறது. திறப்பை அகலமாக்கினால் மேலே உத்தரமோ வளைவோ தாங்காது. வெளிச்சம் வேண்டுமென்றால் உயரத்தைத்தான் கூட்ட வேண்டும். இரண்டு சன்னல்களுக்கு இடையே தரைவரை இறங்கும் சுவர்ப்பட்டை இருக்க வேண்டும். எடை அதன் வழியாகத்தான் கீழே போகிறது. கான்கிரீட் தூணும் உத்தரமும் வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. முகப்பு முழுவதும் படுக்கைவாட்டில் சன்னல் வைக்கலாம். தாராளமாக வைக்கலாம், ஆனால் பழைய வரிசையில் வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். நெடுக்குவாட்டுத் திறப்பு, அதைவிடக் கூடுதலான சுவர்: இந்த விகிதத்தை மட்டும் காப்பாற்றினாலே, சன்னல் சட்டம் அலுமினியமாக இருந்தாலும் பெரும்பாலும் உறுத்தாது.

அப்புறம், ஆழம். லண்டனில் 1709-இல் ஒரு சட்டம் வந்தது. தீ ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இருக்க, மரச் சன்னல் சட்டங்களைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்றது. 1774-இல் வந்த சட்டமோ சன்னல் சட்டகத்தின் பெரும்பகுதியைச் செங்கல்லுக்குப் பின்னாலேயே மறைக்கச் சொன்னது. தீக்குப் பயந்து போட்ட விதி, முகப்புக்கு நிழலைக் கொடுத்தது. காலை வெயிலில் ஒவ்வொரு சன்னலின் ஓரத்திலும் விழும் அந்தக் கறுப்புக் கோடுதான் சுவர் கனமானது என்று நமக்குச் சொல்கிறது. பழைய பாணியில் என்று சொல்லிக் கட்டிய பல புதுக் கட்டடங்களில் எல்லாம் சரியாக இருந்தும் அட்டைப்பெட்டி போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். சன்னல், சுவரின் வெளித்தோலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நிழல் இல்லை. வளைவும் தூணும் வாங்கப் பணம் இருக்கும், சுவரைத் தடிமனாக்க மட்டும் மனசு வராது. ஒவ்வொரு அங்குலமும் விற்கக்கூடிய தளப்பரப்பு அல்லவா!

பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்க் கல், ஊர்ச் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு கிடைத்தால் நல்லது. இரண்டு சென்டிமீட்டர் கல் பலகையை ஒட்டி, மூலையில் அதன் விளிம்பு தெரியும்படி விடுவதைவிட நேர்மையான வெறும் பூச்சு மேல். புது அடித்தளம் தோண்டும்போது பக்கத்துப் பழைய வீட்டின் ஆழமில்லாத அடித்தளத்தைக் காப்பது, எந்த முகப்பு விவாதத்தையும்விட அவசரமான வேலை.

முரணாக இருந்தும் ஒட்டியவை

அப்படியானால் துணிச்சலான நவீனக் கட்டடத்துக்குப் பழைய பகுதியில் இடமே இல்லையா? உண்டு. ஆனால் வென்றவற்றைக் கூர்ந்து பார்த்தால், அவை எதை மீறின, எதை மீறவில்லை என்பது தெரியும்.

வியன்னாவில் அரண்மனைக்கு எதிரே அடோல்ஃப் லோஸ் 1910-இல் எழுப்பிய கட்டடத்தின் மேல்தளங்களில் அலங்காரமே இல்லை. வெறும் பூச்சுச் சுவரில் சதுரச் சதுரமாகச் சன்னல்கள். சன்னலுக்கு மேல் வழக்கமான வளைப்பட்டைகூட இல்லாததால் 'புருவமில்லாத வீடு' என்று ஊரே கேலி செய்தது. நகராட்சி வேலையை நிறுத்தியது. கடைசியில் சில சன்னல்களில் வெண்கலப் பூந்தொட்டிகள் வைப்பதாகச் சமரசம் ஆயிற்று. ஆனால் கீழ்ப்பகுதியைப் பாருங்கள்: கிரேக்கத்துப் பச்சை வரிச் சலவைக்கல்லில் தூண்கள், வாசல், கடை. சதுக்கத்தில் நடப்பவர் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் லோஸ் கஞ்சத்தனமே காட்டவில்லை. 1947-இல் அதுவே பாதுகாக்கப்பட்ட சின்னமானது.

பிரான்சின் நீம் நகரில் சுமார் 2000 ஆண்டு பழைய ரோமானியக் கோயிலுக்கு நேர் எதிரே நார்மன் ஃபாஸ்டர் 1993-இல் கண்ணாடியும் எஃகுமாக கலைக்கூடமும் நூலகமும் சேர்ந்த ஒரு கட்டடம் கட்டினார். ஒன்பது தளம். அதில் ஏறக்குறைய பாதி பூமிக்கு அடியில். மேலே தெரியும் உயரம் சுற்றியுள்ள வீடுகளைத் தாண்டவில்லை. முன்னால் மெல்லிய எஃகுத் தூண்களில் நிற்கும் கூரை, கோயிலின் தூண்முகப்புக்குப் பதில் சொல்கிறது. பலரும் அந்தத் தூண்களைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது தோண்டிய குழி. அந்த இடத்தில் முன்பிருந்து 1952-இல் எரிந்துபோன நாடக அரங்கின் தூண்வரிசை, இன்று நெடுஞ்சாலையோர ஓய்விடம் ஒன்றில் நிற்கிறது என்பது தனிக் கதை.

ஸ்பெயினின் முர்சியாவில் ரஃபேல் மொனேயோ 1998-இல் முடித்த நகராட்சி இணைப்புக் கட்டடம், பேராலயத்தின் ஆடம்பரமான பரோக் முகப்பைப் பார்த்தபடி நிற்கிறது. கல் சுவர், ஒழுங்கற்ற இடைவெளியில் தூண்கள், அவ்வளவுதான். சதுக்கத்தைப் பார்த்த பக்கம் வாசலே வைக்கவில்லை. அந்தச் சதுக்கத்தில் முதன்மை வாசல் பேராலயத்துடையது; அதோடு போட்டி போட வேண்டாம் என்று, பக்கத்துத் தெரு வழியாக நுழைய வைத்தார். தரைத்தளத்தில் வாசல் வேண்டும் என்று மேலே நானே அடித்துச் சொன்னதற்கு இது விலக்கு. இடம் பார்த்து விதியை மீறத் தெரிவதற்குத்தானே நல்ல கட்டடக் கலைஞர்.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் கதை பலருக்கும் தெரியும். 1984-இல் அன்றைய இளவரசர் சார்லஸ், அங்கே வரவிருந்த ஒரு நவீன இணைப்பை, அன்பான நண்பரின் முகத்தில் முளைத்த பயங்கரக் கட்டி என்று வருணித்தார். திட்டம் கைவிடப்பட்டது. பிறகு ராபர்ட் வென்ச்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் வடிவமைத்த செயின்ஸ்பரி பிரிவு 1991-இல் திறந்தது. பழைய கட்டடத்தின் அதே கல், அதே சுவர்த்தூண்கள். ஆனால் பழையதை ஒட்டிய மூலையில் அந்தத் தூண்கள் நெருக்கியடித்து நிற்கும். அங்கிருந்து விலக விலக இடைவெளி கூடி, கடைசியில் வெறும் சுவராகிவிடும். பக்கவாட்டில் திரும்பினால் கண்ணாடி. பிரதியா, நவீனமா என்று கேட்டால் அதே சுவரில் இரண்டு பதிலும் இருக்கும். 2018-இல் அதற்கே முதல்தரப் பாதுகாப்பு கிடைத்தது.

யார் கையில் நிலம்

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் சரியாக நடப்பதில்லை? நிலத்தின் விலை. ஒரு மனையில் எத்தனை சதுர மீட்டர் கட்டலாம் என்ற எதிர்பார்ப்பு விலையில் ஏறிவிட்ட பிறகு, வடிவமைப்பு வழிகாட்டி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். பழைய முகப்பை மட்டும் தாங்குசட்டம் போட்டு நிறுத்திவிட்டு, பின்னால் முழுக்க இடித்துப் பத்துத் தளம் ஏற்றும் வேலை அதில் பிறந்ததுதான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடங்களே இந்த அழுத்தத்தில் இடறியிருக்கின்றன. எல்பே ஆற்றின் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டியதற்காக டிரெஸ்டன் பள்ளத்தாக்கு 2009-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. துறைமுகப் பகுதியின் புதுக் கட்டுமானங்களுக்காக லிவர்பூல் 2021-இல் நீங்கியது. உயரமான ஒரு திட்டத்தால் வியன்னாவின் மையம் 2017-இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது.

ஜெர்மனியின் லூபெக் நகரத்துக்கு இந்த இடத்தில் ஒரு அனுகூலம் இருந்தது: நிலம் நகராட்சியுடையது. 1942-இல் குண்டுவீச்சில் அழிந்த வணிகர் குடியிருப்பில் போருக்குப் பின் பெரிய பள்ளிக் கட்டடங்கள் வந்திருந்தன. அவற்றை இடித்தபோது அகழாய்வாளர்கள் இடைக்கால மனை எல்லைகளையும் 12-ஆம் நூற்றாண்டின் மர நிலவறைகளையும் கண்டெடுத்தார்கள். நகராட்சி அந்தப் பழைய எல்லைகளின்படியே நிலத்தைத் திரும்பப் பிரித்துத் தனித்தனியாகக் கொடுத்தது. தெருவைப் பார்த்த முக்கோண நெற்றி, சரிவான கூரை, நெடுக்கான சன்னல் ஆகியவை கட்டாயம். அதற்குள் இன்றைய வடிவமைப்புக்குத் தடையில்லை. பெரிய கட்டுமான நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாக ஒப்படைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

நிலம் தனியார் கையில் சிதறிக் கிடக்கும் இடங்களில் இந்த வழி கிடையாது. அங்கே நிர்வாகத்தால் முடிவது, மனைகளை ஒன்றாக்குவதற்கு வரம்பு போடுவதும், ஒன்றாக்கினாலும் ஒவ்வொரு பழைய மனைக்கும் தெருவில் ஒரு தனி வாசலும், உள்ளே தனிப் படிக்கட்டும் இருக்க வேண்டும் என்று கேட்பதும்தான். இரண்டாவது நிபந்தனை விற்பனைப் பரப்பைக் குறைக்கும், ஆகவே எதிர்ப்பு வரும். முகப்பு நிறத்தைப் பற்றிய நிபந்தனைக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. படிக்கட்டைப் பற்றிய நிபந்தனைக்குத்தான் வழக்குப் போடுவார்கள்.